வீடு வாங்கிச் சீரமைத்து விற்கும் கூட்டு: சாவி வாங்குவதற்கு முன் எழுத வேண்டிய தாள்

(ஜார்ஜ்டவுனில் நம் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைக் கூட்டத்துக்கு அழைத்தால் குடியுரிமை, அடையாள அட்டை, தமிழ்ப்பள்ளி நிலம் என்றுதான் பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. இன்று ஒரு வியாபாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏனென்றால் கடந்த சில ஆண்டுகளாக என் அலுவலகத்துக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர் போலீஸ் கேஸுக்காக வருவதில்லை. கூட்டாளியோடு சண்டை என்று வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இல்லை சார், நம்பிக்கையில் செய்தோம்."

இந்த ஊரின் சுவர்களில் நம் முன்னோரின் கை இருக்கிறது. 1818-ல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் பிறகும் செங்கல் தூக்கியது, சுண்ணாம்பு பூசியது, சாலை போட்டது எல்லாவற்றிலும் நாம் இருந்தோம். ஆனால் கட்டடம் விற்கும்போது வரும் இலாபத்தில் நாம் இருந்ததில்லை. நமக்குக் கிடைத்தது நாள் கூலி.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதை நீக்கும் சட்டம் 1997-ல் வந்தது; 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுக்க விலகியது. பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகு பழைய வீட்டை வாங்கு, சீராக்கு, விற்றுவிடு என்பது இந்தத் தீவில் பெரிய வணிகமாகிவிட்டது. கிராண்டில் பெயர் இருந்தவர்கள் சம்பாதித்தார்கள். சுவர் பூசியவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. நம் பையன்களில் நல்ல குத்தகையாளர்கள் இருக்கிறார்கள். ஓடு பதிப்பது, வயரிங், தண்ணீர்க் குழாய், கூரை என்று நாலு பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர்கள். நம் பெண்பிள்ளைகளில் உள்அலங்கார வடிவமைப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தால் ஒரு பழைய வீட்டை வாங்கி, சீரமைத்து, விற்க முடியும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இது நல்ல செய்தி. ஆனால் சேரும் முறை தெரியாமல் சேர்ந்தால் வீடும் போகும், உறவும் போகும்.

ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்தத் தங்கை ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளர். சம்பளச் சீட்டு உண்டு. அந்தத் தம்பி குத்தகையாளர். நல்ல வேலைக்காரர், ஆனால் வருமானம் கையில் வந்து கையில் போவது. அவருக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. அதனால் பெருநிலத்தில் ஒரு பழைய ஒற்றைமாடித் தரைவீட்டை அந்தத் தங்கையின் பெயரில் வாங்கினார்கள். "இலாபத்தில் பாதிப் பாதி" என்று ஒரு தேநீர்க் கடையில் பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வீடு விற்றது. சண்டை வந்தது. "அறுபது நாள் நானே இறங்கி வேலை செய்தேன், என் கூலியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பாதியாக்க வேண்டும்" என்றார் அவர். "அப்படியானால் என் வரைபடத்துக்குக் கட்டணம் எங்கே? பத்து மாதம் கடன் என் தலையில் இருந்ததே, அதற்கு என்ன?" என்றார் இவர். இருவர் சொல்வதும் நியாயம். அதுதான் சிக்கல். அண்ணே, தங்கச்சி என்று பழகிய இரண்டு குடும்பங்கள் இன்று கோயிலில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இலாப நோக்கத்தோடு இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினால் அது பங்குடைமை. பெயர்ப் பலகை மாட்ட வேண்டும், கம்பெனி திறக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு வீட்டுக்காகச் சேர்ந்தாலும் நீதிமன்றம் அதைப் பங்குடைமையாகப் பார்க்க இடமுண்டு. அப்போது 1961-ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம் உங்கள் மீது வந்து உட்காரும். நீங்கள் எழுதி வைக்காத இடத்தையெல்லாம் அந்தச் சட்டம் தானே நிரப்பும்.

அதன் 26-ஆம் பிரிவைக் கொஞ்சம் கவனியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் இலாபம் சமபங்கு. நட்டமும் சமபங்கு. பங்காளி செய்த வேலைக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. அறுபது நாள் சிமெண்டு குழைத்தாலும் சரி, அறுபது இரவு வரைபடம் போட்டாலும் சரி, சட்டத்தின் கண்ணில் அது பூஜ்யம். பேசியதைவிட அதிகமாகப் பணம் போட்டவருக்கு மட்டும், அந்த அதிகப் பணத்துக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி உண்டு. முதலுக்கு மதிப்புத் தருகிற சட்டம், நாம் தனியாக எழுதாவிட்டால், உழைப்புக்கு மதிப்புத் தராது. உழைப்பைத் தவிர வேறு முதல் இல்லாத நம் மக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொன்று. கூட்டுத் தொழிலுக்காக ஒரு பங்காளி வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. குத்தகையாளர் இரும்புக் கடையில் தொழிலுக்காக வைத்த பாக்கிக்குக் கடைக்காரர் வடிவமைப்பாளர் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

இப்போது கணக்குப் பார்ப்போம்

நம் ஆட்கள் தவறு செய்யும் இடம் இதுதான். 300,000 வெள்ளிக்கு வாங்கி 440,000-க்கு விற்றால் 140,000 இலாபம் என்று நினைக்கிறார்கள். நான் ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன், பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டு விலை 300,000. இதில் 270,000 வங்கிக் கடன். உரிமை மாற்றத்துக்கு முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு. ஆக 5,000. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அது 1,350. வக்கீல் கட்டணம், மதிப்பீடு எல்லாம் சேர்த்து வாங்கும் செலவு 18,000 என்று வையுங்கள். சாமான்களுக்கும் வெளியாள் கூலிக்கும் 50,000. பத்து மாத வட்டி, கதவு வரி, நில வரி, தண்ணீர், மின்சாரம் 12,000. விற்கும்போது முகவர் கமிஷன் 3 விழுக்காடு, வக்கீல் செலவு சேர்த்து 18,000.

கூட்டுங்கள். 398,000. கையில் மிஞ்சுவது 42,000.

இன்னும் முடியவில்லை. நிலச் சொத்து ஆதாய வரி இருக்கிறது. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் குடிமக்களுக்கும் 30 விழுக்காடு. நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு வரி இல்லை. அது 2022 முதல். அனுமதிக்கப்பட்ட செலவுகளையும் தனிநபர் விலக்கையும் கழித்தால், நம் கணக்கில் வரி சுமார் 13,000 வரும். ஆக மிச்சம் 29,000. திரும்பத் திரும்ப இதையே செய்தால் வருமான வரி வாரியம் இதைத் தொழில் வருமானமாகக் கருதி வருமான வரி கேட்கலாம். அதனால் முதல் வீட்டுக்கே ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

140,000 என்று கனவு கண்டது 29,000 ஆகிவிட்டது. இதில் அந்தத் தம்பியின் அறுபது நாள் உழைப்புக்கும், அந்தத் தங்கையின் வடிவமைப்புக்கும் இன்னும் ஒரு காசு கொடுக்கவில்லை. சண்டை வராமல் என்ன செய்யும்?

நியாயமாகப் பிரிப்பது எப்படி?

நான்கு விஷயங்களைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். பணம், உழைப்பு, பெயர், இலாபம். இந்த நான்கையும் ஒன்றாகக் குழைத்துப் "பாதிப் பாதி" என்று சொல்வதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

முதலில் பணம். முன்பணம், செலவு, சாமான் எல்லாம் சேர்த்து 110,000 வெள்ளி ரொக்கம் தேவைப்பட்டது. ஆளுக்கு 55,000 போட்டார்கள் என்று வையுங்கள். விற்றதும் வங்கிக் கடன் தீர்ந்த பிறகு முதலில் திரும்ப வேண்டியது இந்தப் பணம். ஒருவர் கூடப் போட்டிருந்தால் அதற்கு என்ன வட்டி என்பதை எழுதுங்கள்.

இரண்டாவது உழைப்பு. குத்தகையாளரின் சொந்த உழைப்புக்கு நாளுக்கு 200 வெள்ளி என்று பேசினால் அறுபது நாளுக்கு 12,000. வடிவமைப்புக்கு மொத்தமாக 6,000. வேறு வாடிக்கையாளருக்குச் செய்தால் என்ன கிடைக்குமோ அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள், ஆனால் தொகையை எழுதுங்கள்.

மூன்றாவது பெயர். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். தவணை தவறினால் கெடுவது அவர் பெயர். அதோடு, 2010 நவம்பரிலிருந்து மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடுதான் கிடைக்கும். அதாவது 90 விழுக்காட்டுக் கடனுக்கான வாய்ப்பில் ஒன்றை அவர் இந்தக் கூட்டுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரிச் சலுகையையும் இதில் செலவழித்துவிட்டால், நாளைக்குக் கல்யாணமாகிக் குடியிருக்க வீடு வாங்கும்போது அது இருக்காது. இதற்கு ஒரு விலை வேண்டாமா? 3,000 என்று வையுங்கள்.

29,000-ல் 12,000, 6,000, 3,000 கழித்தால் 8,000. இதுதான் உண்மையான இலாபம். இதைப் பாதியாகப் பிரியுங்கள், ஆளுக்கு 4,000. மொத்தத்தில் குத்தகையாளருக்கு 16,000, வடிவமைப்பாளருக்கு 13,000. எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் சட்டப்படி ஆளுக்கு 14,500. வித்தியாசம் பெரிதில்லையே என்பீர்கள். ஆனால் இப்போது யாருக்கு எதற்காக எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். மனக்கசப்பு வருவது தொகையினால் மட்டும் இல்லை, ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணத்தினால்.

இந்தத் தொகைகள் என் உதாரணம்தான். உங்கள் வீட்டுக்கு உங்கள் கணக்கு. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் வங்கி, பிறகு வரிக்கு ஒதுக்கீடு, பிறகு போட்ட பணம், பிறகு உழைப்பும் பெயரும், கடைசியில் இலாபம்.

நட்டம் வந்தால்? அதே வீடு 390,000-க்குத்தான் போகிறது என்று வையுங்கள். கமிஷனும் வக்கீலும் 16,500 ஆகும். மொத்தச் செலவு 396,500. நட்டம் 6,500. உழைப்புக்கு ஒரு வெள்ளியும் இல்லை. அப்போது குத்தகையாளர் "என் கூலியாவது கொடு" என்று கேட்கலாமா? இதற்குப் பதிலை விற்ற பிறகு தேடக் கூடாது. நட்டத்தில் இருவரும் உழைப்புத் தொகையை விட்டுக்கொடுத்து, பணக் குறைவைச் சமமாக ஏற்பது என்பது என் கருத்தில் நியாயம். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் முடிவு செய்துவிடுங்கள்.

ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டியவை

1. கிராண்டில் யார் பெயர்? முடிந்தால் இருவர் பெயரும் இருக்கட்டும், யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் பதியுங்கள். ஒருவர் பெயரில்தான் கடன் கிடைக்கும் என்றால், மற்றவருக்காக அந்தப் பங்கை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறேன் என்று ஒரு பொறுப்புப் பத்திரம் வக்கீலிடம் எழுதுங்கள். கடன் நிபந்தனைக்கு அது முரணாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொத்தில் உரிமை இருந்தால்தான் நில அலுவலகத்தில் தனியார் கேவியட் போட முடியும். "இலாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார்" என்ற பணக் கோரிக்கைக்கு மட்டும் கேவியட் நிற்காது. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பினாங்குத் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009-ல் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். தலைமுறைகள் வாழ்ந்த மண், ஆனால் கிராண்ட் வேறு கையில்.

2. பதிவு. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சாதாரணப் பங்குடைமையில் தொழிலின் கடன் உங்கள் சொந்தச் சொத்தையும் தொடும். அந்தப் பயம் இருந்தால், 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வரையறுக்கப்பட்ட பொறுப்புப் பங்குடைமை, மலாயில் பிஎல்டி என்பார்கள், அதைப் பற்றி விசாரியுங்கள்.

3. தனி வங்கிக் கணக்கு. இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். வீட்டுப் பணமும் கூட்டுப் பணமும் ஒரே பையில் கிடக்கக் கூடாது.

4. ரசீது. ஒரு கோப்பு, ஒவ்வொரு வாரமும் இருவரும் பார்த்துக் கையெழுத்து. வரி வாரியத்திடம் சீரமைப்புச் செலவைக் கழிக்க ரசீது இல்லையென்றால் அந்தச் செலவுக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள்.

5. மறைமுக வருமானம் கூடாது. குத்தகையாளர் தன் மச்சான் கடையில் ஓடு வாங்கி விலை ஏற்றிப் போடுவது, வடிவமைப்பாளர் சமையலறை அலமாரிக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குவது, இரண்டுமே நடக்கிறது. பங்காளிக்குத் தெரியாமல் கூட்டில் இருந்து எடுத்த ஆதாயத்தைத் திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது பங்குடைமைச் சட்டம். 1,000 வெள்ளிக்கு மேற்பட்ட எந்தச் சாமானுக்கும் மூன்று கடை விலை கேட்பது என்று எழுதுங்கள். கமிஷன் வந்தால் அது கூட்டுக் கணக்குக்கு.

6. வேலை எல்லை. என்ன செய்யப் போகிறோம், எவ்வளவுக்குள், எத்தனை வாரத்தில். சுவர் பாதி பூசிய பிறகு "இந்த நிறம் வேண்டாம், அந்த ஓடு வேண்டாம்" என்று வடிவமைப்பாளர் மாற்றினால் கூடுதல் செலவு யாருடையது? வேலை சரியில்லாமல் உடைத்துத் திரும்பக் கட்டினால் யாருடையது? மாற்றம் எதுவானாலும் எழுத்தில், தொகையோடு, இருவர் கையெழுத்தோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை, அழிக்காமல் வையுங்கள்.

7. அனுமதி. தீவில் பினாங்கு மாநகராட்சியிடமும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகராட்சியிடமும் எந்த வேலைக்கு அனுமதி வேண்டும் என்று முதலில் கேளுங்கள். சுவரை இடிப்பது, கட்டடத்தை நீட்டுவது என்றால் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வரைபடம் சமர்ப்பிக்க வேண்டி வரும். ஜார்ஜ்டவுன் மரபுப் பகுதியின் மையம் 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வட்டம் 150.04 ஹெக்டேர். அதற்குள் இருக்கும் கடைவீட்டில் நினைத்தபடி கை வைக்க முடியாது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம். மலிவு விலை வீடுகளின் கிராண்டில் விற்பனைக் கட்டுப்பாடு எழுதியிருக்கும். நில அலுவலகத்தில் தேடிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

8. தொழிலாளர் பாதுகாப்பு. குத்தகையாளர் சிஐடிபி-யில் பதிந்தவராக இருக்க வேண்டும். வேலையாட்களுக்கு சொக்சோ கட்டுங்கள். கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் பொறுப்பு இருவருக்கும் உண்டு. முதலாளிகளிடம் நாம் கேட்கும் உரிமையை நம்மிடம் வேலை செய்பவருக்கு மறுக்கக் கூடாது. அவர் வங்காளதேசத்தவரோ இந்தோனேசியரோ, கூலி கூலிதான்.

9. விற்பனை. எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது, எத்தனை மாதம் காத்திருப்பது, அதற்குள் விற்காவிட்டால் வாடகைக்கு விடுவதா? ஒருவர் விற்கலாம் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். அப்போது பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் விலையில் ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளும் வழியை எழுதுங்கள். விற்ற பிறகு கூரை ஒழுகுகிறது என்று வாங்கியவர் வந்தால் யார் பார்ப்பது, எவ்வளவு நாள் வரைக்கும், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கி வைப்பது என்பதையும் எழுதுங்கள்.

10. மரணம், நோய். இதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

11. தகராறு. முதலில் இருவரும் நம்பும் ஒரு பெரியவரிடம் பேசுவது, அவர் யார் என்று இப்போதே முடிவு செய்வது. முடியாவிட்டால் சமரசம், அதற்கும் பிறகு நீதிமன்றம். 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் போகலாம். 100,000 வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ். ஒப்பந்த மீறல் வழக்குக்குக் காலக்கெடு ஆறு ஆண்டு. தாளுக்கு முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையிடாத பத்திரத்தை, வரியும் அபராதமும் கட்டும் வரை, நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

கூட்டில் சேராமல், வெறும் குத்தகை வேலையாகச் செய்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும் கட்டுமானப் பணப்பட்டுவாடாச் சட்டத்தைத் தெரிந்து வையுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்து காசு வரவில்லையென்றால், நீதிமன்றத்துக்குப் போகாமல் விரைவுத் தீர்ப்பாளரிடம் போக வழி உண்டு. தான் குடியிருக்க, நான்கு மாடிக்குக் குறைவான வீட்டுக்கு வேலை கொடுத்த தனிநபர் மீது அது செல்லாது. ஆனால் விற்பதற்காகச் சீரமைப்பவர் அந்த விலக்கைக் காட்டித் தப்பிப்பது கடினம். "எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்" என்ற நிபந்தனையும் அந்தச் சட்டத்தின் கீழ் செல்லாது. இதற்கும் தேவை எழுத்துதான்.

பணத்துக்கு எங்கே போவது?

சிலர் கூட்டு பிடித்த காசில் இறங்குகிறார்கள். 1971-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். நடத்தியவர் ஓடிவிட்டால் உங்கள் முன்பணமும் ஓடிவிடும். வட்டிக்காரனிடம் போகவே போகாதீர்கள், வீடு விற்கப் பத்து மாதம் ஆகும், அவன் பத்து நாள் காத்திருக்க மாட்டான். சேமநிதிப் பணத்தைக் கைவைப்பதாக இருந்தால் மனைவியோடு, கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அது உங்கள் முதுமைக்கான பணம். குடியிருக்கப் போவதாக வங்கியில் பொய் சொல்லாதீர்கள். பொய்யில் தொடங்கிய கூட்டில் உங்களுக்குள்ளும் ஒருநாள் பொய் வரும்.

இப்போது அந்தப் பத்தாவது விஷயம்.

என் அப்பா கொத்தனார். 1990-களில், நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் இருந்தபோது, அவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். கிராண்ட் நண்பர் பெயரில். அப்பா சேமித்த பணம் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேலை முடியும் தறுவாயில் அந்த நண்பர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு இந்தக் கூட்டைப் பற்றி எதுவும் தெரியாது. மூன்று பிள்ளைகள். அந்த அம்மா கெட்டவர் இல்லை. காகிதத்தில் இருப்பது கணவர் பெயர், அதைத்தானே அவர் நம்புவார்?

அப்பா கேட்கவே இல்லை. "அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிப்பா கேட்கிறது?" என்றார். அத்தோடு முடிந்தது. அக்காவின் படிப்பும் அந்த வருடத்தோடு முடிந்தது. அவர் தொழிற்சாலை வேலைக்குப் போனார். நான் சட்டம் படித்தது அவருடைய ஓவர்டைம் பணத்தில்.

நான் வழக்கறிஞரான பிறகு ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், ஏன் ஒரு தாளில்கூட எழுதவில்லை என்று. "எழுதச் சொன்னா நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுக்குவான்" என்றார்.

உறவுகளே, இந்த எண்ணம்தான் நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது. எழுதுவது அவமரியாதை என்று நினைக்கிறோம். அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தால் யாருக்கு உதவியிருக்கும்? என் அப்பாவுக்கு மட்டுமா? அந்த விதவைத் தாய்க்கும்தான். கணவர் போட்ட பணம் எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, பாக்கி யாருக்கு என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வேறு ஏற்பாடு இல்லையென்றால் பங்காளி இறந்ததும் பங்குடைமை கலைந்துவிடும் என்பதுதான் சட்டம். அதனால் உங்கள் தாளில் எழுதுங்கள்: ஒருவர் இறந்தால் அல்லது வேலை செய்ய முடியாமல் போனால் மற்றவர் வேலையை முடித்து விற்கலாம், செய்த வேலைக்கு உரிய தொகையும் போட்ட பணமும் குடும்பத்துக்குப் போக வேண்டும், பணத்தை வாங்க வேண்டியவர் யார். அந்தத் தாளின் ஒரு பிரதி இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். மனைவிக்கு, கணவருக்கு, வளர்ந்த பிள்ளைக்குக் காட்டுங்கள். உயிலும் எழுதுங்கள்.

ஒரே வக்கீல் இருவருக்கும் பார்த்தால் செலவு மிச்சம் என்பீர்கள். வீடு வாங்கும் பத்திரத்துக்குச் சரி. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் ஆளுக்கொரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு, நல்ல சமையலறைக் குழாய் ஒன்றின் விலைக்கும் கொஞ்சம் மேலேதான் இருக்கும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தம்பியும் தங்கையும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். மூன்று முறை ஒரே மேசையில் உட்கார வைத்தேன். கடைசியில் இன்று உங்களுக்குச் சொன்ன அதே வரிசையில் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். வழக்கு இல்லை. ஆனால் இரண்டாவது வீட்டைச் சேர்ந்து வாங்கவில்லை. நல்ல குத்தகையாளர், நல்ல வடிவமைப்பாளர், இருவரும் இன்று மறுபடியும் வேறு யாருக்கோ கூலிக்கு வேலை செய்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

இங்கே இருப்பவர்களில் யாராவது இப்போது ஒரு வீட்டில் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தால், வீடு விற்கும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் கூட்டாளியைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு தாளை எடுத்து பணம், உழைப்பு, பெயர், இலாபம் என்று நான்கு தலைப்பு எழுதுங்கள். பேசுங்கள். எழுதியதை என்னிடமோ உங்களுக்குத் தெரிந்த வேறு வழக்கறிஞரிடமோ கொண்டு வாருங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.